டைல்ஸுக்கு அடியில் போன இரண்டு சென்டிமீட்டர்

குழந்தைகள் நல நிலையத்தின் அளவுக்கார அக்காவுக்கு, அவர் பணி ஓய்வு பெறும் இந்நாளில், உடன் உழைத்தோர் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

அளவெடுத்தே அகவை கழித்த அன்புச் சகோதரியே! பச்சைக் குழந்தைகளின் பாதத்துக்கு முன்னால் குனிந்து நின்று, முப்பத்து நான்கு ஆண்டுகளில் பதவியில் இருந்த ஒருவர் முன்னாலும் குனியாமல் விடைபெறும் பண்பின் பெட்டகமே! நூற்று நாற்பத்து மூன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் நின்றபடியே எங்கள் பதினொரு பேரையும் அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு பார்வையிலும் எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக்கியவரே! எங்கள் அக்கா!

வணக்கம் என்று தொடங்குகிறோம். வெட்கம் என்று தொடங்கியிருக்க வேண்டும். வழக்கத்தை விட மனமில்லாததால் வணக்கத்தை முன்னால் விட்டு வெட்கத்தைப் பின்னால் வரச் சொல்லியிருக்கிறோம்.

போன வாரம் எங்கள் மருந்தாளுநர் உங்களிடம் வந்து, மடலில் என்னென்ன எழுதலாம் என்று கேட்டார். "மடல் எல்லாம் வேணாம்பா. போன வருஷம் ஸ்டோர்கீப்பருக்கு வாசிச்சீங்களே, 'கடமையின் சிகரம்'னு. அந்தச் சிகரம் மூணு மணிக்கு மேல ஆபீஸ்ல இருந்து நான் பாத்ததே இல்ல" என்றீர்கள். ஆகவே ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த மடலில் உண்மையைத் தவிர வேறெதுவும் இருக்காது. அலங்காரம் குறைந்தால் பொறுத்தருள்க. கோபம் மிகுந்தால் அதையும் பொறுத்தருள்க. அந்தக் கோபம் உங்களிடமிருந்து கடன் வாங்கியதுதான்.

நீங்கள் பணிபுரிந்த அறை பத்தடிக்குப் பத்தடி. ஒரு மேசை, அதன் மேல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் படுக்க வைத்து நீளம் பார்க்கும் மரப்பலகை. எதிர்ச்சுவரில், அதற்கு மேற்பட்டவர்களை நிறுத்தி உயரம் பார்க்க ஒட்டிய அளவு நாடா. மூலையில் ஒரு முக்காலி. வேலைக்கான உடல்தகுதிச் சான்றுக்கு வரும் நெட்டை ஆண்களின் உச்சந்தலையைத் தொட நீங்கள் ஏறும் முக்காலி. "உங்களைக் குறைச்சுக் காட்டணும்னாலும் நான் மேல ஏறித்தான் ஆகணும் சார்" என்று ஏறுவீர்கள். கொண்டையை அவிழ்க்கச் சொல்வீர்கள், குதிகாலைச் சுவரோடு ஒட்டச் சொல்வீர்கள், ஒருமுறைக்கு இருமுறை அளப்பீர்கள், இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாம் முறையும் அளப்பீர்கள். வெளியே வரிசையில் நிற்கும் அப்பாக்கள் உச்சுக்கொட்டுவார்கள். "புள்ளைக்குச் சட்டையா தைக்கிறாங்க உள்ள?" என்று ஒருவர் சத்தம் போட்டதற்கு, "சட்டை தைச்சா அடுத்த வருஷம் வேற தைக்கலாம் சார். இது அப்படி இல்ல" என்று கதவைத் திறக்காமலே பதில் சொன்னீர்கள்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, குழந்தைகள் வருமுன், செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே அந்த நாடாவோடு ஒட்டி நிற்பீர்கள். எங்களில் எவர் கண்ணில் படுகிறாரோ அவரை இழுத்து எண்ணை வாசிக்கச் சொல்வீர்கள். 143.5. அதைப் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பீர்கள். "கோல் சரியா இருக்கான்னு பாக்க வேற யாரை நம்புறது? இந்த ஆபீஸ்ல இனிமே வளரவே மாட்டேன்னு உறுதியாச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்" என்பீர்கள். நாங்கள் சிரிப்போம். பத்து மாதத்தில் தட்டம்மை, அது ஆறுவதற்குள் நிமோனியா, அதன் பின் ஒன்றரை ஆண்டு விட்டு விட்டு வயிற்றுப்போக்கு என்று கடந்துவந்த, ஒரு காலத்தில் நீங்களாக இருந்த குழந்தைதான் அந்தச் சிரிப்பை எங்களுக்கு வழங்குகிறது என்பது அப்போது எங்கள் மண்டையில் ஏறவில்லை. உங்கள் தங்கைகள் இருவரும் உங்கள் தலைக்கு மேல் பேசிக்கொள்ளும் உயரம் என்பது மட்டும் தெரியும்.

நோய்க்கும் வளர்ச்சிக்கும் என்ன உறவு என்று பெரிய பெரிய படம் போட்டுப் பேசியவர்களை இந்த நிலையம் பார்த்திருக்கிறது. ஆனால் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு தாய்க்கு நீங்கள் சொன்னதுபோல் எவரும் சொல்லவில்லை. "வீட்டுக்கு மாடி கட்டிட்டு இருக்கோம்னு வை. நடுவுல திருடன் பூந்துட்டான். கொத்தனார், சித்தாள் எல்லாரும் வேலையைப் போட்டுட்டு கதவைத்தானே பிடிப்பாங்க? காய்ச்சல்னா உடம்பு அதைத்தாம்மா செய்யுது. திருடன் போனதும் மறுபடி கட்டிடலாம், அவ்வளவு சீக்கிரம் கட்டும் குழந்தை. ஆனா மாசாமாசம் திருடன் வந்தா? சாப்பிட்டதும் வயித்துல நிக்கலன்னா செங்கலும் இல்ல. ரெண்டு வயசு வரைக்கும்தான் அந்தக் கொத்தனார் இவ்வளவு வேகமா வேலை செய்வான். அப்புறம் விட்டதைப் பிடிக்கறது ரொம்பக் கஷ்டம்." அந்தத் தாய், "அப்போ அவங்க அப்பா குள்ளம்கறதால இல்லையாக்கா?" என்று கேட்டார். "அதுவும் ஒரு பங்கு. ஆனா அப்பா பேர்லயே எல்லாப் பழியையும் போட்டுட்டா, தண்ணிக் குழாய் தப்பிச்சுடும்" என்றீர்கள்.

அந்தக் குழாய் எங்கள் நிலையத்துக்குப் பின்தெருவில் ஓடுகிறது. சாக்கடையை ஒட்டி, சில இடங்களில் சாக்கடைக்குள்ளேயே. ஒவ்வொரு கோடையிலும் பின்தெருக் குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அவர்களின் வளர்ச்சி அட்டையில் கோடு படுத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் அந்த அட்டைகளைக் கட்டாகக் கட்டி மேலே அனுப்பி, குழாயை மாற்றச் சொல்லி எழுதியவர் நீங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் எழுதிய பிறகு, மாற்ற வேண்டிய குழாய்களின் பட்டியலில் அந்தத் தெருவும் சேர்ந்தது. அன்று மட்டும் நீங்கள் ஐந்து நிமிடம் முன்னதாக வீட்டுக்குப் போனீர்கள். அளவு கடந்த கொண்டாட்டம்!

இனி வருவது எங்கள் கதை. காதைப் பொத்திக்கொள்ள விரும்புவோர் பொத்திக்கொள்ளலாம். நாங்கள் ஆறு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தோம்.

ஆறாண்டுக்கு முன் உங்கள் அக்காவின் நோய்க்குத் துணையிருக்க நான்கு மாத விடுப்பில் போனீர்கள். அந்த இடைவெளியில் அளவு அறையின் பழைய சிமெண்டுத் தரை மேலேயே கலவையைக் கொட்டிப் பளபளவென்று டைல்ஸ் பதித்தார்கள். தரை இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தது. சுவரில் இருந்த நாடா உயரவில்லை. அதன் முதல் இரண்டு சென்டிமீட்டர் டைல்ஸுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டது. யாரும் கீழே குனிந்து பார்க்கவில்லை. தடுப்பூசிச் செவிலியர் இருவரும் உங்களுக்குப் பதிலாக அளந்தார்கள், பதிவாளர் கூட்டினார், கணினிக்காரர் வண்ணப்படம் போட்டார். நானூற்றுப் பதினெட்டுக் குழந்தைகள் ஒரே பருவத்தில் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தார்கள்! குட்டைக் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே விழுந்தது. எங்கள் தலைமை மருத்துவருக்குக் கேடயம் வந்தது. எங்களுக்கு ஆளுக்கொரு பை வந்தது. மகிழ்ச்சியில் கைதட்டினோம். கைதட்டுவதற்குத் தரையைப் பார்க்க வேண்டிய அவசியமில்லையே.

நீங்கள் திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை, செருப்பைக் கழற்றி நின்றீர்கள். கணினிக்காரர் வாசித்தார்: "145.5." நீங்கள் திரும்பக்கூட இல்லை. "ஒழுங்காப் பாரு தம்பி." மறுபடியும் 145.5. "அம்பத்து நாலு வயசுல எனக்கு ரெண்டு சென்டிமீட்டர் குடுத்தது யாரு? லீவுல போனவளைத் தூக்கத்துல இழுத்து விட்டீங்களா?" என்று சிரித்தபடியே குனிந்தீர்கள். நாடாவின் அடியில் கண்ணுக்குத் தெரிந்த முதல் எண் இரண்டு. நிமிர்ந்தபோது உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை.

பலகையில் படுத்து அளந்த குழந்தைகள் மட்டும் பழையபடிதான் இருந்தார்கள். அந்தப் பலகை தரையைத் தொடாதே! பட்டியலை எடுத்துக்கொண்டு நேரே தலைமை மருத்துவரிடம் போனீர்கள். கதவு திறந்திருந்தது, நாங்கள் கேட்டோம்.

"சார், பின்தெருப் புள்ளைங்க படுத்தாக் குள்ளமா இருக்கு, ரெண்டு வயசு ஆகி நின்னா நெட்டையாயிடுது. இது என்ன புள்ளையா, மடக்குக் குடையா?"

"ஏம்மா, ரெண்டே ரெண்டு சென்டிமீட்டர். அதுல உலகம் அழிஞ்சிடுமா?"

"அந்த ரெண்டு சென்டிமீட்டரைக் காட்டித்தான் சார் குழாய்ப் பட்டியல்ல இருந்து தெருவை எடுத்திருக்காங்க. 'குழந்தைகள் நலம் தேறியது, அவசரம் இல்லை'ன்னு எழுதியிருக்கு."

"நாடாவை இப்ப மாத்தினா அடுத்த வருஷம் எல்லாப் புள்ளையும் குறைஞ்சு போகும். கேடயம் குடுத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அங்கேயே நின்று, குழந்தைகளை மறுபடி அளந்து திருத்திய பட்டியல் அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள். திருத்தப் பட்டியலுக்கு உடன் அளந்த ஒரு ஊழியரின் கையெழுத்து வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு கையெழுத்து. பதினொரு பேர் இருந்தோம்.

மருந்தாளுநர், "அக்கா, எனக்கு டிரான்ஸ்ஃபர் பேச்சு ஓடிட்டு இருக்கு" என்றார். தடுப்பூசிச் செவிலியர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "அவ போட்டா நான் போடறேன்" என்றார்கள். பதிவாளருக்குத் திடீரென்று கண்ணாடி காணாமல் போனது. அது அவர் நெற்றியிலேயே இருந்தது. கணினிக்காரர் கழிவறைக்குப் போனவர் மாலைவரை வரவில்லை. ஓட்டுநர், "நான் டிரைவர்க்கா, எனக்கு ஸ்டியரிங் தவிர எதுவும் தெரியாது" என்றார். மற்ற ஐவரும் இவர்களைவிட வீரம் குறைந்தவர்கள் என்பதால் இங்கே குறிப்பிடவில்லை. நீங்கள் எங்களை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்போம்.

மறுவாரம் உங்களைப் பதிவறைக்கு மாற்றினார்கள். "மூட்டு வலிக்கு உக்காந்து பாக்கற வேலை நல்லதும்மா" என்று தலைமை மருத்துவர் தேன் ஒழுகப் பேசினார். நாடா இருந்த இடத்திலேயே இருந்தது. தெருவும் இருந்த இடத்திலேயே இருந்தது. குழாயும்தான்.

பதிவறையில் நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். தூசு தும்மலோடு ஓய்வை நோக்கி நகர்ந்திருக்கலாம். நீங்களோ இருபது, இருபத்தைந்து ஆண்டுப் பழைய குழந்தை அட்டைகளைத் தேடி எடுத்து, அதே குழந்தைகள் வளர்ந்து உடல்தகுதிச் சான்றுக்கு வந்தபோது எழுதிய உயரத்தோடு ஒவ்வொன்றாக ஒட்டி வைத்தீர்கள். தரை உயர்ந்த பிறகு வந்தவர்களுக்கு மறக்காமல் இரண்டைக் கழித்தீர்கள். எங்களுக்கு அது ஒரு கிறுக்கு வேலையாகத் தெரிந்தது, பின்தெருத் தையல்காரரின் இளைய மகன் வரும்வரை.

அதற்கு ஓராண்டுக்கு முன் அவர் எங்களிடம் சான்று வாங்கிப் போனவர். தீயணைப்புப் படைக்கு 165 வேண்டும். எங்கள் நாடா 165.5 என்றது. படித்தார், ஓடினார், எழுத்துத் தேர்வில் தேறினார். அங்கே அளந்தபோது 163.5. "போலிச் சர்டிபிகேட்டா கொண்டு வர்றே?" என்று நூறு பேர் முன்னால் வரிசையிலிருந்து இழுத்து வெளியே விட்டார்கள். அந்தத் தம்பி நேரே இங்கே வந்து எங்கள் மேசையில் அந்தத் தாளை வைத்தார். "இது நீங்க எழுதிக் குடுத்ததுதானே?" என்று மட்டும் கேட்டார். பதிவறையிலிருந்து நீங்கள் எழுந்து வந்தீர்கள்.

"நாங்கதான் எழுதினோம் தம்பி. தப்பா எழுதினோம். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"எங்க அண்ணன் 171-க்கா. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே சோறு. எனக்கு மட்டும் ஏன்? சின்ன வயசுல ஒழுங்கா சாப்பிடலன்னு வீட்ல இன்னிக்கு வரைக்கும் திட்டறாங்க."

நீங்கள் இரண்டு அட்டைகளைக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். அண்ணன் பிறந்தபோது தெருவுக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. அவர் அட்டையில் ஒரு சளிக்காய்ச்சல். தம்பி பிறந்த ஆண்டு குழாய் வந்தது. தம்பி அட்டையில் முதல் இருபத்திரண்டு மாதங்களில் ஏழு வயிற்றுப்போக்கு, ஒரு தட்டம்மை, ஒரு நிமோனியா. கோடு ஏறுகிறது, விழுகிறது. ஏறப் பார்க்கிறது, மறுபடி விழுகிறது. பின்பு அப்படியே படுத்துவிடுகிறது. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து நீங்கள் சொன்னீர்கள்: "நீ சாப்பிடாம இல்லப்பா. சண்டை போட்டுக்கிட்டு இருந்தே. ரெண்டு வயசுக்குள்ள ஒம்பது சண்டை. எல்லாத்துலயும் ஜெயிச்சிருக்கே. காய்ச்சல் போகும்போது சும்மா போகாது, கையில கொஞ்சம் உயரத்தை எடுத்துட்டுத்தான் போகும்."

அவருடைய அம்மாவும் மறுநாள் வந்தார். இருபத்து மூன்று ஆண்டுகள் தன் சமையலையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்த அம்மா. முன்பு எங்கள் வரிசையில் நின்றபோதெல்லாம், "புள்ளைக்கு ஒழுங்கா ஊட்டும்மா" என்று எங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதுதான் நீங்கள் இந்த நிலையத்தில் முதல் முறையாகக் குரல் உயர்த்தினீர்கள். அம்மாவைப் பார்த்து அல்ல, எங்களைப் பார்த்து: "குள்ளமா இருக்கறது குத்தம் இல்ல. நானும் குள்ளம்தான், எனக்கு என்ன குறைச்சல்? வளர வேண்டிய புள்ளையை வளர விடாமப் பண்ணதுதான் குத்தம். அதை வளந்துடுச்சுன்னு எழுதினது அதைவிடக் குத்தம்!"

அந்தக் குரல் காதில் விழுந்த பிறகும் இரண்டாண்டுகள் எடுத்துக்கொண்டோம். அவசரப்பட்டு நல்லவர்களாகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை எங்களுக்கு எப்போதும் உண்டு. அந்த இரண்டாண்டில் பின்தெருவில் முப்பத்தொரு குழந்தைகள் பிறந்தார்கள். அதே குழாய். அதே கோடை. அவர்களின் அட்டைகளை எங்கள் கையாலேயே எழுதினோம். கோடு படுப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எழுதினோம். இந்த வரியை வாசிப்பவரின் குரல் தழுதழுத்தால் மன்னிக்கவும். அவரும் அதில் எழுதியவர்தான்.

ஆகவே, அக்கா, இன்று காலை ஏழு மணிக்கு நீங்கள் வீட்டில் இந்த விழாவுக்குப் புடவை தேடிக்கொண்டிருந்தபோது, நாங்கள் பதினொரு பேரும் அளவு அறையில் இருந்தோம். மறைந்திருந்த எண்களோடு டைல்ஸையும் நாடாவையும் சேர்த்துப் படமெடுத்தோம். நாடாவை உரித்தோம். தரையிலிருந்து தொடங்கும்படி புது நாடா ஒட்டினோம். ஓட்டுநர் பின்தெருவுக்கு நான்கு நடை போய், இரண்டு முதல் ஐந்து வயதுவரை உள்ள நாற்பத்து மூன்று குழந்தைகளையும் அவர்கள் அம்மாக்களையும் ஏற்றி வந்தார். கொண்டை அவிழ்த்து, குதிகால் ஒட்டி, ஒவ்வொருவரையும் இருமுறை அளந்தோம். எங்கள் கேடயக் கணக்கின்படி அந்தத் தெருவில் ஒன்பது குழந்தைகள்தான் வயதுக்குரிய உயரக் கோட்டுக்குக் கீழே. இன்று காலை இருபத்தாறு.

திருத்தப் பட்டியலில் பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டோம். விதிப்படி ஒன்று போதும். மீதிப் பத்தும் பாக்கி. நீங்கள் ஒட்டி வைத்த இருநூற்றுப் பன்னிரண்டு சோடி அட்டைகளின் நகலையும், தையல்காரர் மகனுக்கு நாங்கள் கொடுத்த சான்றில் இருந்தது எங்கள் பிழை என்று ஒரு கடிதத்தையும் இணைத்தோம். பத்து மணிக்கு மேலிடத்து அலுவலகத்தில் நேரில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினோம். விழா பதினொரு மணிக்குத்தான். திட்டமிட்டுத்தான் அப்படி வைத்தோம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய தலைமை மருத்துவர் அவர்களே! இம்மடலின் வேறொரு வரைவு தங்கள் ஒப்புதலுக்கு வந்தது உண்மை. அதில் கடமையின் சிகரம் இருந்தது. அதைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். தங்கள் விழாவுக்கு உதவும். எழுந்து போக வேண்டாம் ஐயா. எங்கள் மேல் என்ன நடவடிக்கை என்பதைத் தாங்கள் சாவகாசமாக யோசிக்கலாம், பதினொரு பேருக்கும் ஒரே தாளில் எழுதினால் போதும்.

அக்கா, தெரு இன்னும் பட்டியலில் ஏறவில்லை. நாளையே ஏறிவிடும் என்று பொய் சொல்லி உங்களை வழியனுப்ப மாட்டோம். பொய் சொன்ன வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும். தையல்காரர் மகனுக்குப் போன சென்டிமீட்டர்களை இனி எந்த முத்திரையும் திருப்பித் தராது. ஆனால் போன மாதம் பிறந்த குழந்தைக்கு இன்னும் இருபத்து மூன்று மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் குழாய் மாற வேண்டும். மாறும்வரை மாதாமாதம் எழுதுவோம், சரியாக அளந்து எழுதுவோம்.

நீடு வாழ்க! மூட்டு வலி தீர்ந்து, முழுத் தூக்கம் வாய்த்து, தங்கைகள் குனிந்து பேச, தாங்கள் நிமிர்ந்து சிரிக்க, நோயும் நொடியும் அண்டாமல் நூறாண்டு வாழ்க! முப்பத்து நான்கு ஆண்டுகளாகச் சுமந்தவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்: நினைவுகளை, நன்றியை, இந்தச் சட்டமிட்ட மடலை. கோபத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், அக்கா. எங்களுக்கு வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
ஆறாண்டு தாமதமாகக் குனிந்து பார்த்த
மருந்தாளுநர், தடுப்பூசிச் செவிலியர் இருவர், பதிவாளர், கணினிக்காரர், ஓட்டுநர்
மற்றும் வீரம் குறைந்த ஐவர்